விழுந்த மரம் யாருக்கு?

மரத்தை வெட்டாதீங்கன்னு எழுதுறவங்க நிறைய பேர் இருக்காங்க. நல்ல விஷயம்தான், நானும் அந்தக் கட்சிதான். ஆனா தானா விழுந்த மரத்தை என்ன செய்யணும்னு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு ரோட்டுல ஒரு மரம் சாஞ்சா அது போக்குவரத்துப் பிரச்சினை. மாநகராட்சி ஆளுங்க மெஷினோட வந்து அறுத்து ஓரங்கட்டிட்டுப் போயிடுவாங்க. எங்களுக்கு அது விறகு, கதவு நிலை, கோடாலிக் காம்பு. சில நேரம் ஊர்ச் சண்டையும் அதுதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பொது இடத்துல விழுகிற மரத்தோட அடிமரம் அறுவைக்குப் போகணும். கிளை அந்த ஊர்க்காரங்களுக்கு விறகாகணும். அதுவும் தாமதம் இல்லாம நடக்கணும். இப்போ அப்படி நடக்கிறதில்ல. ஒண்ணு, மரம் கிடந்த இடத்துலயே உளுத்துப் போகுது. இல்லேன்னா மொத்தமா லாரி ஏறி செங்கல் சூளைக்குப் போகுது.

எங்க பக்கம் மரம் விழுகிறதுக்கு ஒரு சீசனே உண்டு. மேல்காத்து தமிழ்நாட்டுக்குள்ள நுழைகிற கணவாய்னு பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் இந்த நாலையும் சொல்லுவாங்க. வைகாசி கடைசியில எட்டிப் பார்க்கிற காத்து, ஆனி ஆடி ரெண்டு மாசமும் வெளுத்து வாங்கும். ஆண்டிபட்டி பக்கம் காத்தாடி நட்டு கரண்டு எடுக்கிறது இந்தக் காத்தை நம்பித்தான். காத்தாடிக்காரருக்கு லாபம், வாழை போட்டவனுக்கு நட்டம். வாழைக்கு அடுத்து சாயுறது கண்மாய்க் கரையிலயும் ரோட்டோரத்துலயும் நிக்கிற பழைய மரங்கள். புளி, வாகை, வேம்பு, மருது, பூவரசு இதெல்லாம்தான்.

காத்து மேலயே முழுப் பழியையும் போட முடியாது. அறுபது எழுபது வருஷம் இதே காத்தைத் தாங்கின மரம் இப்போ ஏன் சாயுது? ரோட்டை அகலமாக்கும்போது ஒரு பக்கத்து வேரை ஜேசிபி வச்சு வெட்டிடுறாங்க. அடுத்து தண்ணிக் குழாய் பதிக்கிறோம்னு இன்னொரு பக்கம் தோண்டுறாங்க. மிச்சம் இருக்கிற இடத்துல தூர் வரைக்கும் சிமெண்டு பூசிடுறாங்க. ஒரு கால்ல நிக்கிறவனை லேசாத் தள்ளினா விழத்தானே செய்வான்? திண்டுக்கல்ல இருந்து தேனி வழியா குமுளி போற ரோட்டுல இருவது வருஷத்துக்கு முன்னாடி போனவங்களுக்குத் தெரியும், அது நிழல் ரோடு. இப்போ போயிட்டு வந்து எத்தனை புளியமரம் பார்த்தீங்கன்னு சொல்லுங்க.

சரி, மரம் விழுந்துருச்சு. இனி அதை என்ன செய்யுறது?

விறகைப் பத்தி பட்டணத்துல ஒரு நினைப்பு இருக்கு. மரம்னா எல்லாம் எரியும், எரிஞ்சா எல்லாம் விறகுன்னு. அப்படி இல்ல. போடி, தேனி பக்கம் இலவம் மரம் நிறைய. பஞ்சு நல்ல பஞ்சு, ஆனா கட்டை வெறும் சோறு மாதிரி. தீக்குச்சி செய்ய ஆகும், அடுப்புல வச்சா வந்த வேகத்துல போயிடும். முருங்கையும் அந்தக் கதைதான். ஆலும் அரசும் யாரும் அடுப்புல வைக்க மாட்டாங்க. அதுல பாதி பக்தி, பாதி அது நின்னு எரியாதுங்கிற அனுபவம். புளி, கருவேலம், வாகை, மருது இதுகதான் வைரம் பாய்ஞ்ச மரம். நல்லாக் காய வச்சுட்டா எந்த மரமா இருந்தாலும் கிலோவுக்குக் கிலோ தர்ற சூட்டுல பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு கிலோவுக்கு நாலாயிரம் கிலோகலோரிக்கு மேல கிடைக்கும். வித்தியாசம் கனத்துலதான். இலவங்கட்டை ஒரு கட்டு எரியுற நேரத்தை விடப் புளியங்கட்டை ஒரு கட்டு பல மடங்கு நேரம் நின்னு எரியும், கங்கும் நல்லா விழும். கல்யாணச் சமையல் மாஸ்டர்கள் புளி விறகு இருக்கான்னு கேட்டுட்டு அட்வான்ஸ் வாங்குறது இதனாலதான்.

ஆனா புளியை உடைக்கிறவனுக்குத்தான் அதோட குணம் தெரியும். நார் முறுக்கிக்கிட்டு ஓடும். கோடாலியைப் போட்டா பாதியில கவ்விக்கும். இரும்பு ஆப்பு ரெண்டு வச்சு, ஒண்ணை இறக்கி, விரிசல் விட்ட இடத்துல அடுத்ததை வச்சு, சம்மட்டியால அடிச்சுத்தான் பிளக்கணும். பச்சையா இருக்கும்போது கொஞ்சமாவது இறங்கி வரும், காஞ்சிடுச்சுன்னா இரும்புதான். அதனால விழுந்த ஒரு மாசத்துக்குள்ள துண்டு போட்டுப் பிளந்துடணும். தோலோட உருட்டிப் போட்டு வச்சா உள்ளே ஈரம் நிக்கும், வண்டு விழும், வெளிறு முழுக்க மாவாக் கொட்டும். பிளந்ததைத் தரையில படாம ரெண்டு கட்டை மேல, காத்தோட்டமா, மேல மட்டும் தகரம் போட்டு அடுக்கி வைக்கணும். ஆடியில விழுந்த மரம் அடுத்த சித்திரை வெயிலையும் பார்த்துட்டா அதுதான் விறகு.

இதை ஏன் இவ்வளவு விளக்கமா சொல்றேன்னா, புகைக்குக் காரணம் விறகு மட்டும் இல்ல, அதுல இருக்கிற தண்ணியும்தான். பச்சை மரத்துல எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணி இருக்கும். கொதிக்கிற தண்ணி ஒரு கிலோவை ஆவியாக்க மட்டும் 540 கிலோகலோரி வேணும். அந்தச் சூடு பானைக்குப் போகாம விறகுக்குள்ளயே செலவாகுது. அடுப்போட சூடு இறங்கிடும். சூடு இறங்கினா மரத்துல இருந்து வர்ற வாயு முழுசா எரியாம வெளியேறும். அதைத்தான் நாம புகைன்னு சொல்றோம். எரியாத எரிபொருள் கண்ணுக்குள்ளயும் நெஞ்சுக்குள்ளயும் போகுது. வீட்டுக்குள்ள அடுப்புப் புகையால 2020ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதனால வீட்டுக்குள்ள கேஸ் அடுப்பு இருக்கட்டும். அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. விறகு அடுப்பு வாசலுக்கு, கொல்லைக்கு.

“கேஸ்தான் எல்லா வீட்டுலயும் வந்துருச்சே, இன்னும் எதுக்கு விறகு?”ன்னு கேப்பீங்க. தமிழ்நாட்டுல கலைஞர் ஆட்சியில இலவச கேஸ் அடுப்பு கொடுத்தாங்க. 2016ல இருந்து மத்திய அரசோட உஜ்வலா வந்துச்சு. அடுப்பு இருக்கு. சிலிண்டர் தீர்ந்தா அடுத்ததுக்குப் பணம் இருக்கான்னுதான் கேள்வி. 2023ல சென்னை விலையே 1,100 ரூபாயைத் தாண்டுச்சு. அந்த ஆகஸ்ட் கடைசியில 200 ரூபா குறைச்சாங்க, 2024 மார்ச்சுல 100 ரூபா குறைச்சாங்க, 2025 ஏப்ரல்ல 50 ரூபா ஏத்துனாங்க. அதிகாலையில ஜீப் ஏறி கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போற எங்க ஊர்ப் பொம்பளைங்க, கேஸை டீக்கும் அவசரத்துக்கும் வச்சுக்கிட்டு, குளிக்கத் தண்ணி காய வைக்க, நெல் அவிக்க, விருந்தாளி வந்தா ஆக்கிப் போட வெளி அடுப்பைத்தான் மூட்டுறாங்க.

ஒரு சின்னக் கணக்கு சொல்றேன். 14.2 கிலோ சிலிண்டர்ல கிலோவுக்குப் பதினோராயிரம் கிலோகலோரின்னு வச்சா ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கு. அதுல பாதிக்கு மேல பாத்திரத்துல ஏறிடும். மூணு கல்லு அடுப்புல விறகோட சூட்டுல நூத்துக்குப் பத்துப் பதினஞ்சு பங்குதான் பாத்திரத்துக்கு, மீதி எல்லாம் காத்துக்கு. அப்போ ஒரு சிலிண்டர் செய்யுற வேலைக்கு ஏறக்குறைய 200 கிலோ காஞ்ச விறகு வேணும். கிலோ அஞ்சு ரூபான்னு வாங்கினாக்கூட ஆயிரம் ரூபா. ஆக, காசு கொடுத்து வாங்குற விறகு ஏழைக்குக் கட்டுபடியாகாது. பொறுக்குற விறகுதான் கட்டுபடியாகும்.

பொறுக்கப் போறதுக்கு இடம் எங்கே? முன்னாடி மலையடிவாரம் இருந்துச்சு. 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிச்சாங்க. காட்டுக்குள்ள விறகுக்குப் போறது சட்டப்படி குத்தம். யானையும் இருக்கு. காட்டுக்குள்ள விழுந்த மரத்தைத் தொடக் கூடாதுங்கிறதை நான் ஏத்துக்கிறேன். இருவாச்சி கூடு வைக்கிறதே பெரிய மரத்துப் பொந்துலதான். பட்ட மரம் ஆந்தைக்கு வீடு, ஆந்தை எலியைப் பிடிச்சா எனக்கு நெல்லு மிச்சம். உளுத்த கட்டை மண்ணாகித்தான் அங்கே அடுத்த கன்னு முளைக்கும். அது காட்டோட சொத்து, இருக்கட்டும்.

காட்டுக்குள்ள போகாதேன்னு சொல்றவங்க, ஊருக்குள்ள விழுந்து கிடக்கிற மரத்துக்காவது வழி சொல்லணும் இல்லையா?

இங்கேதான் கதையே இருக்கு. பட்டா நிலத்துல விழுந்தா நிலத்துக்காரர் முடிவு. சந்தனம் மாதிரி சில மரங்கள் சொந்த நிலத்துல நின்னாலும் வனத்துறையைக் கேக்காம தொட முடியாது, மத்ததுக்கு அவ்வளவு சிக்கல் இல்ல. புறம்போக்கு, கண்மாய்க் கரை, ரோட்டோரம்னா அது அரசாங்க மரம். கிராம நிர்வாக அலுவலர் தகவல் அனுப்பணும், வனத்துறை மதிப்பு போடணும், மேலிருந்து உத்தரவு வரணும், அப்புறம் ஏலம். காகிதம் நாலு மேசையைத் தாண்டி வர்றதுக்குள்ள அடுத்த ஆடி வந்துடும். எங்க பக்கத்துல ஒரு கண்மாய்க் கரையில நல்ல வாகை மரம் ஒண்ணு விழுந்து ரெண்டு மழையைப் பார்த்துச்சு. ராத்திரியில யார் யாரோ கிளையைக் கழிச்சாங்க. கடைசியில ஏலம் போட்டப்போ தூர் மட்டும்தான் மிச்சம், அதுலயும் பாதி கறையான். பக்கத்து வீட்டு மதினி ஒருத்தங்க கேட்டாங்க, “ஏங்கொழுந்தனாரே, அரசாங்கத்துக்கும் இல்லாம நமக்கும் இல்லாமக் கறையானுக்குக் கொடுக்கவா சட்டம் போட்டு வச்சிருக்காங்க?” எனக்குப் பதில் தெரியல.

வாகையோட அருமை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியணும். பட்டணத்துல மரச்செக்கு எண்ணெய்னு கூட விலை கொடுத்து வாங்குறீங்களே, அந்தச் செக்குக்கு வாகைதான் பேர்போன மரம். நீங்க கறி வாங்குற கடையில வெட்டுற கட்டை இருக்கே, அது புளியந்தூர். எத்தனை வெட்டு வாங்கினாலும் சிலாம்பு தெறிக்காது. வண்டிக்கு ஆரக்காலும் கலப்பையும் செஞ்சது கருவேலத்துல. வேம்புல நிலை வச்சா கறையான் லேசுல அண்டாது. இவ்வளவு வேலைக்கு ஆகுற மரத்தைத் தூரோட சூளையில போட்டு எரிக்கிறது, விதை நெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்சுற மாதிரி.

காசுக் கணக்கும் பாருங்க. சா மில்லுல சுத்தளவை நாலால வகுத்து, அதை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்குவாங்க. எட்டடி சுத்தளவு, பத்தடி நீளம் உள்ள அடிமரம்னா 2 பெருக்கல் 2 பெருக்கல் 10, நாப்பது கன அடி. எடையில அது ஒன்றரை டன் வரும். விறகுன்னு கிலோ மூணு ரூபாய்க்குப் போட்டா நாலாயிரத்து ஐந்நூறு. கன அடி முன்னூறு ரூபான்னு குறைச்சு வச்சாக்கூட பன்னிரண்டாயிரம். நடுவுல இருக்கிற ஏழாயிரத்து ஐந்நூறை ஒவ்வொரு மரத்துக்கும் ஊராட்சி இழந்துக்கிட்டு இருக்கு. 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கரையேறினப்போ இதையே பெரிய அளவுல பார்த்தோம். மாவும் பலாவும் தேக்கும் தென்னையும் ஒரே ராத்திரியில சாஞ்சுச்சு. அந்தக் காத்து திண்டுக்கல், கொடைக்கானல் வரைக்கும் வந்து மரத்தைச் சாச்சுது. எல்லாத் தோட்டத்துலயும் ஒரே நாளுல மரம் விழுந்தா, வாங்குறவன் சொல்றதுதான் விலை. தயாரா இல்லாதவனுக்கு விழுந்த மரம் ஒரு பாரம். அப்புறப்படுத்தினா போதும்னு கொடுத்துடுவான்.

அப்போ என்ன செய்யலாம்? நான் கேக்கிறது புதுசா ஒரு திட்டம் இல்ல. ரோட்டோரப் புளியமரத்துல காய்க்கிற புளியை வருஷா வருஷம் ஏலம் விடுறாங்க, காய் பழுக்கிறதுக்கு முன்னாடியே யாருக்குன்னு முடிவாயிடுது. புறம்போக்கு மரத்தோட பலனை அனுபவிக்க 2சி பட்டான்னு ஒண்ணு கொடுக்கிறாங்க. காய்க்குக் கணக்கு இருக்கும்போது கட்டைக்கு ஏன் இருக்கக் கூடாது?

வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. அதுல ஒண்ணு மே 1. எங்க ஊர்க் காத்துக்கு ஒரு மாசம் முந்தி. அன்னைக்கே பொது இடத்துல நிக்கிற வயசான மரங்களுக்குப் பட்டியல் போட்டு ஒரு தீர்மானம் எழுதிடலாம். விழுந்தா ஒரு வாரத்துக்குள்ள அளந்து போட்டோ எடுக்கணும். தொடை கனத்துக்கு மேல இருக்கிறது அறுவை மரம், அது ஏலத்துக்கு, பணம் ஊராட்சிக்கு. அதுக்குக் கீழே இருக்கிறது ஊர் விறகு. அதுல முதல் பங்கு சுடுகாட்டுக் கொட்டகைக்கு. ஒரு உடம்பை எரிக்க முன்னூறு நானூறு கிலோ காஞ்ச விறகு வேணும். மழை நாள்ல இல்லாதப்பட்ட வீட்டுல ஒரு சாவு விழுந்தா, அழுகுறதா விறகுக்கு அலையுறதான்னு நிக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன். அடுத்த பங்கு ஆதரவில்லாத வயசானவங்க வீட்டுக்கு. மிச்சம் கேக்குறவங்களுக்கு. மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் இதுக்கு ஒரே ஒரு நிரந்தர உத்தரவு போட்டா போதும், ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு ஃபைல் தேவையில்லை.

இதைச் சொன்னா ஒரு எதிர்வாதம் வரும், நியாயமான எதிர்வாதம். “விழுந்த மரம் ஊருக்குன்னு சொல்லிட்டா, மரத்தை விழ வைக்க ஆள் வருமே?” உண்மைதான். தூர்ல குப்பையைக் கொட்டித் தீ வைக்கிறதும், பட்டையைச் சுத்திச் செதுக்கி விடுறதும், ஆசிட் ஊத்துறதும் நடக்காத விஷயம் இல்ல. ஆனா அதைச் செய்யுறவன் சுள்ளிக்காகச் செய்யுறதில்ல, அடிமரத்துக்காகவோ இடத்துக்காகவோ செய்யுறான். அடிமரம் பகிரங்க ஏலத்துக்குன்னு ஆயிட்டா அவனுக்கு லாபம் இல்ல. தூர்ல தீ வச்ச அடையாளம் இருந்தா அந்த மரத்துல ஊருக்கு ஒரு குச்சிகூடக் கிடையாதுன்னு எழுதிட்டா, ஊரே மரத்துக்குக் காவலா நிக்கும். விழுந்த ஒண்ணுக்குப் பக்கத்துல அதே சாதி மரம் ரெண்டு நட்டு, ரெண்டு கோடைக்குத் தண்ணி ஊத்தினவங்களுக்கு அடுத்த முறை முதல் பங்குன்னும் எழுதலாம்.

பட்டணத்து நண்பர்கள்கிட்ட நான் கேக்கிறது ரெண்டே விஷயம். விறகு அடுப்பு பிரியாணின்னு போர்டு பார்த்து உள்ளே போறப்போ, அந்த விறகு எந்த மரம், எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு தடவை கேளுங்க. கேள்வி வந்தாத்தான் கடைக்காரரும் யோசிப்பார். இன்னொண்ணு, உங்க தெருவுல மரம் சாஞ்சா குப்பை லாரி வர்றதுக்கு முன்னாடி அது என்ன மரம்னு பாருங்க. வேம்பு, பூவரசு, வாகைன்னா ஒரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அந்தத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு நாலு பெஞ்சாவது தேறும்.

மரம் நிக்கும்போது அதைக் காப்பாத்த எத்தனையோ பேர் இருக்கீங்க, சந்தோஷம். எங்க ஊர்ல அடுத்த மே 1 கிராம சபையில இந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுக்கப் போறேன். உங்க சொந்த ஊர் எதுவா இருந்தாலும், அன்னைக்கு ஊருக்குப் போறதா இருந்தா நீங்களும் ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. காத்து வர்றதுக்குள்ள கொடுத்துடணும், அது முக்கியம்.